ஐந்து உறை செட்: துணி நல்லது, அளவுதான் கோளாறு

இணையக் கடைகளில் 'ஐந்து உறை செட்' என்று விற்கும் காட்டன் குஷன் கவர்கள் பெரும்பாலும் 16க்கு 16 இன்ச். கரூர்ப் பக்கத்துத் தறிகளில் நெய்த கெட்டித் துணியென்றால் நெசவில் குறை சொல்ல அதிகமில்லை. சிக்கல் அளவில். மூன்று பேர் உட்காரும் சோபாவின் நீளம் ஆறு, ஆறரை அடி. ஐந்தையும் வரிசையாக வைத்தால் 80 இன்ச். கல்யாண மண்டபத்து நாற்காலி வரிசை மாதிரி இருக்கும். உயரமான முதுகுச் சாய்மானத்துக்கு முன்னால் 16 இன்ச் தலையணை பொம்மைபோலத் தெரியும்.

நாலு போதும். இரண்டு மூலையிலும் 20 இன்ச் ஒன்று பின்னால், அதன் பாதியை மறைத்தபடி 18 இன்ச் ஒன்று முன்னால். வேண்டுமானால் 12க்கு 20இல் நீளவாக்கில் ஒன்றை இடுப்புக்கு வைக்கலாம். அதைத் தவிர நடு இடம் காலியாகவே இருக்கட்டும். நன்றாக அடைத்த தலையணை நாலைந்து இன்ச் ஆழத்தைத் தின்றுவிடும். இருக்கையின் ஆழமே 20, 22 இன்ச்தான். நடுவிலும் இரண்டடுக்கு வைத்தால் வருகிறவர் நுனியில்தான் உட்கார வேண்டும்.

இந்த செட்டுகளில் உள்ளே வைக்கும் தலையணை வராது. விலை மலிவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். உறையைவிட 2 இன்ச் பெரிய தலையணை வாங்க வேண்டும்: 16க்கு 18, 18க்கு 20. சரிசமமாக வாங்கினால் மூலைகள் காலியாகத் தொங்கும். ஃபைபர் அடைத்த 18 இன்ச் தலையணை அரைக் கிலோவாவது இருக்கட்டும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் சில மாதத்தில் அப்பளம். இலவம் பஞ்சு குளிர்ச்சிதான், ஆனால் துவைக்க முடியாது. கட்டி தட்டினால் வெயிலில் போட்டுத் தட்டி உதிர்க்க வேண்டும். விளம்பரப் படங்களில் தலையணை உச்சியில் கையால் வெட்டியதுபோல ஒரு பள்ளம் இருக்குமே, அது இறகு அடைத்ததில்தான் நிற்கும். ஃபைபரில் வெட்டினால் எழும்பிவிடும்.

உறை கைக்கு வந்ததும் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் ஓவர்லாக் (துணி விளிம்பை நூலால் சுற்றித் தைப்பது) இல்லையென்றால் இரண்டு துவைப்பில் நூல் பிரியும். ஜிப்பின் நீளம் முக்கியம்: 16 இன்ச் உறையில் ஜிப் 10 இன்ச்தான் என்றால், பெரிய தலையணையைத் திணிக்கும்போது ஜிப் முடியும் இடத்தில்தான் தையல் முதலில் கிழியும்.

மெரூன், கருநீலம் போன்ற அடர் நிறங்களை ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெளிர் நிறச் சோபாவில் வைக்கவே கூடாது. கோடையில் முதுகு வியர்வை போதும், கறை ஏறிவிடும். முதல் துவைப்பு தனியாக, பச்சைத் தண்ணீரில், ஜிப்பை மூடி, உட்புறம் வெளியே இருக்கும்படி. தைக்கும் முன்பே நனைத்துச் சுருங்கவிடாத காட்டன் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 16 இன்ச்சில் அரை இன்ச்சுக்குமேல் போகலாம்.

செட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. பிரம்பு நாற்காலிக்கும் ஊஞ்சலுக்கும் 16 இன்ச் சரியான அளவு. சோபாவுக்கு மட்டும் 20இலும் 18இலும் இரண்டிரண்டு உறைகளைத் தனித்தனியாக வாங்குங்கள்: ஒரு ஜோடி வெற்று நிறம், இன்னொன்று அதே நிறம் ஓடும் கட்டம் அல்லது கோடு.