கிணறுகள் மாசுபட்டபோது மாநகராட்சி அளித்த அவசரக் குடிநீர்ச் சேவை: பயன்படுத்தியவரின் மதிப்பீடு

கனமழைக்குப் பிறகு எங்கள் பகுதியின் பொதுக் கிணறுகளிலும் வீட்டுக் கிணறுகளிலும் ஈ. கோலை கிருமி (மலக்கழிவு கலந்ததைக் காட்டுவது) இருப்பது ஆய்வில் உறுதியானதும் மாநகராட்சி மேற்கொண்ட அவசர நடவடிக்கையை, அதைச் சார்ந்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் மதிப்பிடுகிறேன். தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்ததில் குறை சொல்ல அதிகம் இல்லை. எந்த நீரை எதற்குப் பயன்படுத்தலாம், எதுவரை காத்திருக்க வேண்டும் என்பதைத் தெரிவித்ததில்தான் இச்சேவை தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தை நான் சிறியதாகக் கருதவில்லை.

லாரிகள் தாமதமின்றி வந்தன. பேரிடர்க் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர் வேண்டும், வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் அது கிடைக்க வேண்டும் என்பது நிவாரணப் பணிகளில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகோல். பெரும்பாலான தெருக்களில் இந்த அளவு எட்டப்பட்டது. லாரிக் குழாயில் வரும் நீரில், கிருமிகளைக் கொன்ற பிறகும் எஞ்சிய குளோரின் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பணியாளர்கள் எங்கள் கண்முன்னே சோதித்து, குளோரின் இருந்தால் சோதனை நீரில் தோன்றும் இளஞ்சிவப்பு நிறத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் காட்டியது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பாத்திரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வாய் அகன்ற, மூடியில்லாத குடத்தில் பிடித்து, கையை விட்டு மொண்டு குடித்தால் லாரியில் செய்த சோதனைக்கு என்ன பயன்?

அறிவிப்புக்கு வருகிறேன். முதலில் வந்த தாளில் ‘கிணற்று நீரைப் பயன்படுத்த வேண்டாம்’ என்று மட்டுமே இருந்தது. குளிக்கலாமா, பாத்திரம் கழுவலாமா, குழந்தைக்குப் பால் கரைக்கலாமா என்பதற்கெல்லாம் அக்கம்பக்கத்தாரின் ஊகமே விடையாயிற்று. அடுத்து வந்த தாள், நீரைக் கொதிக்க வைத்துப் பயன்படுத்தச் சொன்னது. நீர் தளதளவென்று ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதிகளில் மூன்று நிமிடம் கொதித்தால் நோய்க்கிருமிகள் அழிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நைட்ரேட், ஆர்சனிக் போன்ற இரசாயனங்கள் கொதிப்பதால் நீங்குவதில்லை. நீர் ஆவியாகக் குறையக் குறைய அவற்றின் அடர்த்தி கூடவே செய்யும். உரமோ கழிவோ கலந்த கிணற்று நீரைக் கொதிக்க வைத்துக் கைக்குழந்தைக்குப் பால் கரைத்தால், நைட்ரேட் அதன் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடக்கூடும். ஆகவே, ஆய்வகம் கிருமிகளை மட்டும் சோதித்ததா, இரசாயனங்களையும் சோதித்ததா என்பதை அறிவிப்பு சொல்லியிருக்க வேண்டும். உதவி எண்ணில் கேட்டபோது பணிவான குரல் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. பின்னர் வந்த சுகாதார ஆய்வாளர்தான் நைட்ரேட்டும் பார்க்கப்பட்டது என்றும், அது உலக சுகாதார நிறுவனத்தின் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் இருக்கிறது என்றும் தெளிவாகச் சொன்னார். அந்த ஒரு வரி முதல் தாளிலேயே இருந்திருக்க வேண்டும்.

இது எங்கள் மாநகராட்சிக்கு மட்டும் உரிய குறை அன்று. நியூசிலாந்தின் ஹேவ்லாக் நார்த்தில் 2016 ஆகஸ்டில், கனமழையோடு ஆட்டுச்சாணக் கழிவு ஆழ்துளைக் கிணறுகளுக்குள் இறங்கி, குளோரின் கலக்காத குழாய்நீர் வழியே 5000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அங்கும் அவசரகாலத் திட்டமோ, கொதிக்க வைக்கச் சொல்லும் அறிவிப்பின் முன்வரைவோ உள்ளூர் நிர்வாகத்தின் கையில் தயாராக இல்லை என்பதை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. கிணற்றின் பெயரையும் தேதியையும் மட்டும் நிரப்பி வெளியிடும் வகையில் அறிவிப்புகளை முன்கூட்டியே எழுதி வைப்பதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை.

கிணறுகளைச் சுத்தம் செய்த குழுவுக்கு முழு மதிப்பெண் தரலாம். பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டாமல், வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றினார்கள்; இரவு முழுவதும் விட்டு, குளோரின் வாடை அடங்கும்வரை இறைத்து, அதன் பிறகே மாதிரி எடுத்தார்கள். சுற்றுச்சுவர் விரிசலையும் அருகிலிருந்த கழிவுத்தொட்டியின் தூரத்தையும் குறித்துக்கொண்டார்கள். கசிவு நிற்காவிட்டால் எத்தனை முறை மருந்து ஊற்றினாலும் கிருமி திரும்பும் என்பதால், அந்தக் குறிப்புகளின்மேல் எடுத்த நடவடிக்கையை எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

முடித்துவைத்த விதம்தான் மிகவும் மோசம். கிணறுகள் பாதுகாப்பானவை என்ற அறிவிப்பு வருவதற்கு முன்பே லாரிகள் நின்றுவிட்டன. ஈ. கோலை சோதனைக்கே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஒரு மாதிரி நன்றாக இருந்தால் போதாது, அடுத்தடுத்த மாதிரிகளும் நன்றாக இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பலர் பழையபடி கிணற்று நீருக்கே திரும்பிவிட்டனர். வார்டு அலுவலகத்துக்கு நேரில் போனவர்களுக்கு மட்டும் முடிவுத்தாள் கிடைத்தது. கிணற்றின் எண், மாதிரி எடுத்த தேதி, 100 மில்லி லிட்டர் நீரில் ஈ. கோலை இல்லை என்ற முடிவு எல்லாம் அதில் தெளிவாக இருந்தன. அதே தாளை ஒவ்வொரு கிணற்றுச் சுவரிலும் ஒட்டிய பிறகு லாரிகளை நிறுத்தியிருக்கலாம்.