சூரிய வெந்நீர்: தகடா, கண்ணாடி டியூபா?

எங்கள் மொட்டை மாடி இரண்டையும் பார்த்துவிட்டது. முதலில் எட்டு ஆண்டுகள் தட்டைத் தகடு வகை இருந்தது. அதைக் கழற்றிவிட்டு 20 டியூப், 200 லிட்டர் டேங்க் வைத்து இது ஆறாவது ஆண்டு. எது வாங்கலாம் என்று யாராவது கேட்டால், "உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி?" என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். வெயில் எவ்வளவு அடிக்கும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

நல்ல வெயிலில் இரண்டுமே தாராளமாகச் சூடேற்றும். 100 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். 2 சதுர மீட்டர் தகடு தெளிவான வானத்தில் ஒரே பகலில் அதைத் தேடித் தந்துவிடும். டியூபும் தரும். இதில் பெரிய வித்தியாசம் எதையும் நான் காணவில்லை.

தகடு வகை என்பது மேலே கெட்டிக் கண்ணாடி போட்ட ஒரு அலுமினியப் பெட்டி. உள்ளே கறுப்புப் பூச்சு பூசிய செம்புத் தகடு, அதோடு ஒட்டி மேலேறும் அரை அங்குலச் செம்புக் குழாய்கள். சூடான நீர் லேசாகி டேங்குக்கு ஏற, குளிர்ந்த நீர் கீழே இறங்கும். பம்பே வேண்டாம். வெப்பம் வாங்கும் பெட்டி தனி, நீரைச் சேமிக்கும் டேங்க் தனி என்ற இந்த ஏற்பாட்டை வில்லியம் பெய்லி 1909இல் கொண்டுவந்தார். நூறு ஆண்டு தாண்டியும் நிற்கிறது என்றால் அதில் சரக்கு இருக்கிறது. எங்கள் தகடும் முதல் நான்கு ஆண்டு ஒரு குறையும் வைக்கவில்லை.

டியூப் வகை, பிளாஸ்கை நீட்டிப் படுக்கவைத்தது மாதிரி. கண்ணாடிக் குழாய்க்குள் இன்னொரு கண்ணாடிக் குழாய், நடுவில் வெற்றிடம். உள்குழாயின் வெளிப்பக்கத்தில் கறுப்புப் பூச்சு. வாங்கிய வெப்பம் காற்று வழியாகக் கசிய அங்கே காற்றே இல்லை. அதனால் குளிர்காற்று வீசும் நாளில் டியூபுக்குக் கை ஓங்கும். நீர் டியூபுக்குள்ளேயே நிற்கும். சூடானது மேலேறி டேங்கில் கலக்கும்.

இனி உப்புக்கு வருகிறேன். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு ஏறினால் கரையாத சுண்ணாம்பாக மாறிப் படியும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டுகிறதே, அதுதான். லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை இருந்தால் மிகக் கடின நீர் என்பார்கள். எங்களுடையது அதையும் தாண்டியது. சூடு எங்கே அதிகமோ அங்கேதான் படிவும் அதிகம். தகடு வகையில் அந்த இடம், அரை அங்குலக் குழாயின் உட்சுவர்.

ஐந்தாம் ஆண்டில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வர ஆரம்பித்தது. தகட்டின் மேல் கண்ணாடியைத் தொட்டால் கை சுட்டது. டேங்கிலோ சூடே இல்லை. வெப்பம் சேர்கிறது, அதை எடுத்துப்போக நீர் ஓடவில்லை என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம். பிளம்பர் வந்து, நீர்த்த அமிலத்தைச் சின்னப் பம்பு வைத்துச் சில மணி நேரம் சுற்றவிட்டார். சூடு திரும்பியது, ஆனால் பாதிதான். மீதிப் பாதி ஏன் வரவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. அமிலமும் தண்ணீர் போலத்தானே, திறந்திருக்கும் வழியில்தான் ஓடும். பாதி அடைத்த குழாய்களைச் சுத்தமாக்கிக்கொண்டு போய்விடும். முழுதாக அடைத்த குழாய்க்குள் நுழையவே நுழையாது. அடுத்தடுத்த முறை கழுவியபோதும் இதே கதை. கடைசியில் தகட்டைக் கழற்றி ஒரு குழாயை அறுத்துப் பார்த்தோம். செம்புக்குள் வெள்ளை வெளேரென்று இன்னொரு குழாய் வளர்ந்திருந்தது. நடுத்துளையில் பென்சில் முனைகூடச் சரியாக நுழையவில்லை.

டியூபின் உள்விட்டம் நாலரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அது அடைத்துக்கொள்ள வெகுகாலம் ஆகும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஒவ்வொரு டியூபும் தனி ஆள். ஒன்றில் படிந்தது இன்னொன்றின் ஓட்டத்தைத் தடுக்காது. ஒன்றைக் கழற்றி உள்ளே கண்ணால் பார்க்கலாம், கையால் கழுவலாம். ஆண்டுக்கு ஒரு முறை நாங்களே செய்கிறோம். விடியற்காலையில், வெயில் ஏறுமுன் டேங்கை வடியவிட வேண்டும். பிறகு அடிக்கிண்ணத்தைக் கழற்றி, ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, டியூபை மெல்லத் திருகியபடி கீழ்நோக்கி இழுத்தால் நீரோடு வந்துவிடும். கவிழ்த்தால் முதலில் தெளிந்த நீர் வரும், பிறகு பால் போலக் கலங்கல், கடைசியில் முட்டை ஓடு நொறுங்கியது போலச் செதில்கள். நீளப் பிரஷ் ஒன்று போதும். ஒட்டிக்கொண்டிருப்பதற்கு எலுமிச்சை அமிலம் கரைத்து ஊற்றி வைக்கலாம். வெயிலில் காய்ந்த வெறும் டியூபில் மட்டும் குளிர்ந்த நீரை ஊற்றிவிடக் கூடாது. 200 டிகிரிக்கும் மேல் ஏறியிருக்கும், விரிசல் விட்டுவிடும்.

டேங்கின் அடியில் சேரும் உப்புக்கு டியூபும் வழி சொல்லாது. அது எந்த வகையானாலும் சேரத்தான் செய்யும். வடிகால் வால்வை அவ்வப்போது திறந்துவிடுவதுதான் ஒரே வழி.

தகட்டுக்கு நியாயமும் சொல்ல வேண்டும். உங்கள் நீர் மென்மையானது என்றால் என் வாதம் முக்கால்வாசி அடிபட்டுப் போகும், தகட்டையே வாங்குங்கள். அதன் கெட்டிக் கண்ணாடி எளிதில் உடையாது. டியூப் ஒன்று உடைந்தால் டேங்க் நீர் முழுவதும் அந்த ஓட்டை வழியாகப் போய்விடும். எங்களுக்கு ஒரு தடவை நடந்தது. காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கடின நீருக்கென்றே, வீட்டு நீர் தகட்டுக்குள் போகாதபடி வெப்பமாற்றி (தகட்டில் சுற்றும் வேறு திரவத்தின் சூட்டை, இரண்டும் கலக்காமல் வீட்டு நீருக்குக் கடத்தும் பாகம்) வைத்த தகடும் உண்டு. தகடு தப்பிக்கும், உப்பு வெப்பமாற்றியின் மேல் படியும். டியூபுக்குள் நீரே போகாத வெப்பக்குழாய் வகையும் இருக்கிறது. இவை இரண்டையும் நான் வைத்துப் பார்த்ததில்லை, ஆகவே பரிந்துரைக்கவும் மாட்டேன், குறை சொல்லவும் மாட்டேன். உறைபனி விழும் இடத்தில் செம்புக் குழாய் வெடிக்கும் ஆபத்து உண்டு. அங்கே இருப்பவர்கள் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டியூபில் என் அனுபவமும் ஆறு ஆண்டுதான். பதினைந்தாம் ஆண்டில் வெற்றிடம் எத்தனை டியூபில் மிஞ்சியிருக்கும் என்று இப்போதே அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் அதைத் தெரிந்துகொள்வது சுலபம். டியூபின் மூடிய அடிமுனையில் கண்ணாடிபோல் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு, உள்ளே கசியும் வாயுவை உறிஞ்ச வைத்த பேரியம். வெற்றிடம் போய்விட்டால் அது பால் வெள்ளையாக வெளுத்துவிடும். கழுவும்போதெல்லாம் இருபதையும் வரிசையாகப் பார்ப்பேன். இதுவரை இரண்டு வெளுத்திருக்கின்றன. அந்த இரண்டை மட்டும் மாற்றினோம். மற்ற பதினெட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன.