ரெசிபி எல்லாம் புது சாஃப்ட்வேருக்கு மாத்தித் தரோம்னு 18,500 ரூபாய் வாங்கிட்டு மொத்தத்தையும் அழிச்சிட்டாங்க. கேட்டரிங் பண்றவங்க ப்ளீஸ் படிங்க

கும்பகோணத்துல கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுத்துப் பண்றோம். அடுப்படி வீட்டுக்காரர் பொறுப்பு, லிஸ்ட்டு கணக்கு ஆர்டர் எல்லாம் நான். முன்னூத்திச் சொச்சம் ஐட்டம், நூறு பேருக்கு என்ன அளவுன்னு ஒரு ரெசிபி ஆப்ல வருஷக்கணக்கா ஏத்தி வச்சிருந்தேன். அதுல பாதிக்கு மேல எங்க மாமனார் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணது. அவருக்கு கிலோ கணக்கே வராது, படி ஆழாக்குதான், நானும் அப்படியே போட்டு வச்சேன். அளவு மட்டும் இல்ல, கடப்பாவுக்கு (இட்லிக்குத் தொட்டுக்க எங்க ஊர்ல பண்ற பாசிப்பருப்பு உருளைக்கிழங்கு குழம்பு) வெங்காயம் செவக்கக் கூடாது, பருப்பு குழையணும் ஆனா கரையக் கூடாது, இந்த மாதிரி அவர் வாயால சொன்னது எல்லாம் குறிப்புல இருந்துச்சு. மாமனார் இப்ப இல்ல.

அந்த பழைய ஆப்புக்கு அப்டேட் வர்றது நின்னு போச்சு, புது போன்ல ஓடவே மாட்டேங்குது. ஆடியில எப்படியும் முகூர்த்தம் இருக்காது, ஆவணி பொறக்குறதுக்குள்ள மாத்திடலாம்னு தேடுனப்பதான் போன்ல இந்த விளம்பரம் வந்துச்சு. கேட்டரிங்காரங்களுக்குன்னே செஞ்ச ரெசிபி சாஃப்ட்வேராம், தமிழ் ஓகேவாம், பழைய டேட்டாவ அவங்களே மாத்தித் தருவாங்களாம்.

ஒரு தம்பி போன் பண்ணுச்சு. மேடம் மேடம்னு அவ்ளோ மரியாதை. நம்பிக்கை வரணும்னா உங்க ஐட்டம் ஒண்ணு அனுப்புங்க மேடம்னு கேட்டாப்ல, நான் கடப்பாவ அனுப்புனேன். மறுநாள் வீடியோ கால்ல ஸ்க்ரீன காட்டுனாப்ல. எங்க கடப்பா, சுத்தமான தமிழ்ல, போட்டோவோட. நூறு பேர்னு இருந்தத ஐநூறுன்னு மாத்துனதும் பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்கா, கசகசா எல்லா அளவும் கண்ணு முன்னாடி மாறுச்சு. வீட்டுக்காரரக் கூப்பிட்டுக் காட்டுனேன், அவரே அசந்துட்டார். அங்கதான் நம்புனோம். சாஃப்ட்வேருக்கு 12,000, டேட்டா மாத்துறதுக்கு 6,500, ஆக 18,500 ரூபாய் முழுசா முன்னாடியே ஜிபேல போட்டாச்சு.

பழைய அக்கவுன்ட் லாகின் குடுங்க, நாங்களே எடுத்துக்குறோம்னாங்க, குடுத்தேன். கொஞ்ச நாள்ல எல்லாம் ஏத்தியாச்சு மேடம், ரெண்டு பக்கமும் இருந்தா டேட்டா மோதிக்கும், பழைய அக்கவுன்ட்ட டெலிட் பண்ணிடுங்கன்னு மெசேஜ். அவங்க சொன்னபடியே பண்ணேன். திறந்து பார்த்தா லிஸ்ட்ல வரிசையா கேள்விக்குறி. அரைச்சுவிட்ட சாம்பார், ரசவாங்கி, டாங்கர் பச்சடி, திருவாதிரைக் களி எதுக்கும் பேரே இல்ல. அசோகா (பாசிப்பருப்பு அல்வா) எதுன்னு தேடிக் கண்டுபிடிக்கவே முடியல, ஏதோ ஒண்ண திறந்தா உள்ள "????????????? 4 ??" இப்படி நிக்குது. நாலு என்ன? படியா, ஆழாக்கா? எட்டு ஆழாக்கு சேர்ந்தாதான் ஒரு படி, அத மாத்திப் போட்டா ஒரு கல்யாணமே நாறிப் போயிடும். அரை, முக்கால்னு எழுத்துல போட்டிருந்தது சுத்தமா போச்சு, நம்பர் மட்டும் அங்கங்க மிச்சம். ஒழுங்கா இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, அந்த கடப்பா. அத மட்டும் கையால டைப் பண்ணி எங்கள ஏமாத்தியிருக்காங்க.

போன் பண்ணா டெக்னிக்கல் டீம் பாத்துட்டு இருக்காங்க மேடம். அப்புறம் உங்க போன்ல ஃபான்ட் இல்ல மேடம். அப்புறம் உங்க பழைய ஆப்லயே டேட்டா தப்பா இருந்திருக்கும் மேடம். அப்ப நீங்க எடுத்த ஒரிஜினல் ஃபைல குடுங்கன்னா, எங்க பாலிசிப்படி வேலை முடிஞ்சதும் அழிச்சிடுவோம். பணத்தக் கேட்டா ஆக்டிவேட் ஆன சாஃப்ட்வேருக்கு ரீஃபண்ட் கிடையாது. அந்த தம்பிக்கு வாட்ஸ்அப் போட்டா இப்ப ஒத்த டிக்தான்.

எங்க அக்கா பையன் அவங்க அனுப்பிச்ச ஃபைல வாங்கிப் பார்த்தான். எழுத்து குளறுபடியா வேற எழுத்தா தெரிஞ்சிருந்தா பெரும்பாலும் மீட்டுடலாம் சித்தி, எக்செல்ல சாதா சிஎஸ்வியா, அதாவது வெறும் எழுத்தும் கமாவுமா இருக்கிற ஃபைலா, சேவ் பண்ணா தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் நெஜமாவே கேள்விக்குறியா மாறி சேவ் ஆயிடும், அதுக்குள்ள ஒண்ணும் மிச்சம் இருக்காதுன்னான். அதே லிஸ்ட்ல எல்லா மொழி எழுத்தையும் தாங்குற யூடிஎஃப்-8 சிஎஸ்வின்னு இன்னொரு ஆப்ஷன் இருக்காம், அத செலக்ட் பண்ணியிருந்தா ஒரு எழுத்து போயிருக்காதாம். ஒரு க்ளிக். அதுக்கு 6,500 ரூபாய் வாங்கியிருக்கானுங்க. போட்டோ எல்லாம் பழைய சர்வர்ல இருந்த லிங்க்கு மட்டும்தான் எடுத்திருக்காங்க, அக்கவுன்ட் போனதும் அதுவும் போச்சு.

கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915ல கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன். அதுக்கு அந்தக் கம்பெனி சொல்லுது, நீங்க பிசினசுக்கு வாங்குனீங்க, நுகர்வோரே கெடையாதாம். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துலயே இருக்கு, சொந்தமா தொழில் பண்ணி பொழைக்கிறதுக்காக மட்டும் வாங்குனா அவங்களும் நுகர்வோர்தான். அஞ்சு லட்சம் வரைக்கும் நுகர்வோர் கோர்ட்டுல ஃபீசும் இல்ல, நாம இருக்குற ஊர்லயே போடலாம். நான் விடப் போறதில்ல. 18,500 ரூபாய் எங்களுக்கு ஒரு சின்ன விசேஷத்துல நிக்கிற லாபம். அந்தக் குறிப்புங்களுக்கு விலையே கிடையாது.

எப்படி மாத்துறதுன்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல, சுருக்கமா சொல்றேன். லாகின் யாருக்கும் குடுக்காதீங்க, ஃபைல நீங்களே எடுத்து ஒரு காப்பி பென்டிரைவ்ல வச்சுட்டு அப்புறம் குடுங்க. அவங்க கேட்டு முன்னாடியே அனுப்புன ஐட்டத்த காட்டச் சொல்லாதீங்க, நீங்க அங்கயே நெனச்ச அஞ்சாறு ஐட்டத்த திறக்கச் சொல்லுங்க. முழுப்பணம் முன்னாடி வேண்டாம். பழைய அக்கவுன்ட்ட ஒரு முகூர்த்த சீசன் முடியுற வரைக்கும் தொடாதீங்க, யாரு சொன்னாலும். போட்டோவ தனியா எடுத்து வைங்க.

நம்ம பக்கம் தஞ்சாவூர், மாயவரம், மன்னார்குடின்னு யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்து கேஸ் போடலாம். முன்னாடி எங்ககிட்ட வேலை பார்த்த மாஸ்டருங்க யாராவது இதப் படிச்சா, மாமனார் சொன்ன அளவு எது ஞாபகம் இருந்தாலும் வாய்ஸ் மெசேஜா அனுப்புங்கண்ணே, முதல்ல அசோகா, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கே அது மெனுவுல இருக்கு.