பாக்கெட் ட்ரேசர் ரிவ்யூ: நெட்வொர்க்கிங் வேலைக்கு இது எவ்ளோ தூரம் கை கொடுக்கும்?

நெட்வொர்க்கிங்ல வேலை தேடுறவங்க கிட்ட நான் முதல்ல கேக்குறது, ஒரு பிங் (இன்னொரு மெஷின் பதில் சொல்லுதான்னு பாக்க அனுப்பற சின்ன டெஸ்ட் மெசேஜ்) போகலன்னா அது எந்த இடத்துல நின்னுச்சுன்னு உங்களால கண்டுபிடிக்க முடியுமான்னுதான். எந்த கோர்ஸ் முடிச்சீங்கங்கறதெல்லாம் அப்புறம். ஏன்னா இந்த வேலையில பாதி நேரம் அதுலதான் போகும். அந்தப் பழக்கத்த காசு செலவில்லாம, சாதாரண லேப்டாப்லயே வளத்துக்கறதுக்கு சிஸ்கோவோட பாக்கெட் ட்ரேசர விட நல்ல சாஃப்ட்வேர் ஒன்ன நான் பாக்கல. ஆனா நிறைய பேர் அதோட ரொம்ப முக்கியமான பாகத்த தொடாமலே மூடி வச்சிடறாங்க, அதனாலதான் கொஞ்சம் விரிவா எழுதலாம்னு தோணுச்சு.

புதுசா வர்றவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். இது ஒரு சிமுலேட்டர். ரூட்டர், ஸ்விட்ச், பிசி, சர்வர், ஃபயர்வால், வயர்லெஸ் ஆக்சஸ் பாயின்ட் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ல இழுத்துப் போட்டு, கேபிள் மாட்டி, சிஸ்கோ ஐஓஎஸ் (சிஸ்கோ ரூட்டர், ஸ்விட்ச்ல ஓடற ஆபரேட்டிங் சிஸ்டம்) கமாண்ட் டைப் பண்ணி ஒரு முழு நெட்வொர்க்க கட்டலாம். சிஸ்கோ 1997ல ஆரம்பிச்ச நெட்வொர்க்கிங் அகாடமில ஒரு ஃப்ரீ அக்கவுண்ட் போட்டா டவுன்லோட் பண்ணிக்கலாம், திறக்கறப்ப அந்த அக்கவுண்ட்லயே லாகின் கேக்கும். விண்டோஸ், உபுன்டு, ஆப்பிள் மேக் மூணுலயும் ஓடும். பெருசா ராம் எல்லாம் வேண்டாம், பழைய மெஷின்லயே ஓடிடும், படிக்கற பசங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு தனியா சொல்லணுமா என்ன.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஸ்க்ரீனோட வலது கீழ் மூலையில ரியல்டைம், சிமுலேஷன்னு ரெண்டு மோட் இருக்கும். முக்காவாசி பேர் ரியல்டைம்லயே இருந்துட்டு, கான்ஃபிக் போட்டு, பிங் அடிச்சு, ரிப்ளை வந்ததும் சேவ் பண்ணி மூடிடறாங்க. இந்த சாஃப்ட்வேரோட உயிரே சிமுலேஷன் மோட்லதான் இருக்கு. அதுல நேரம் உங்க கையில. நீங்க பட்டன அழுத்தினாதான் பாக்கெட் (நெட்வொர்க்ல போற டேட்டா துண்டு) ஒரு அடி நகரும். ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு கவர் ஐகானா தெரியும், அத கிளிக் பண்ணா ஓஎஸ்ஐ லேயர் (நெட்வொர்க் வேலைய ஏழு அடுக்கா பிரிச்சுப் பாக்கற மாடல்) ஒவ்வொன்னுலயும் அந்த டிவைஸ் என்ன யோசிச்சு என்ன முடிவெடுத்துச்சுன்னு வரி வரியா எழுதியே இருக்கும். ரூட்டருக்குள்ள நுழையறப்ப ஹெடர் (பாக்கெட்டோட முன்னால இருக்கற அட்ரஸ் மாதிரி விவரம்) எப்படி இருந்துச்சு, வெளிய போறப்ப எப்படி மாறிடுச்சுன்னு பக்கத்து பக்கத்துல பாக்கலாம். சோர்ஸ் ஐபி, டெஸ்டினேஷன் ஐபி ரெண்டும் அப்படியே இருக்கு ஆனா மேக் அட்ரஸ் (நெட்வொர்க் போர்ட்டோட ஹார்ட்வேர் அட்ரஸ்) மட்டும் ஒவ்வொரு ரூட்டர தாண்டறப்பவும் மாறுது, டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரூட்டர் தாண்டலாங்கற எண்ணிக்கை) ஒன்னு ஒன்னா குறையுதுன்னு கண்ணால பாத்துட்டீங்கன்னா, அப்புறம் லேயர் 2க்கும் (மேக் அட்ரஸ்) லேயர் 3க்கும் (ஐபி) என்ன வித்தியாசம்னு எந்த இன்டர்வியூல கேட்டாலும் மனப்பாடம் பண்ணது மாதிரி வராது.

ஒரு உதாரணம் சொல்றேன், முடிஞ்சா இப்பவே போட்டுப் பாருங்க. ரெண்டு ரூட்டர், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பிசி. முதல் ரூட்டர்ல அந்தப் பக்க லேனுக்கு (அங்க இருக்கற லோக்கல் நெட்வொர்க்குக்கு) ஸ்டாடிக் ரூட் (கையால எழுதி வைக்கற வழி) போடுங்க, ரெண்டாவது ரூட்டர்ல திரும்பி வர்ற ரூட்ட போடாதீங்க. முதல் பிசில இருந்து பிங் அடிச்சா ரிக்வஸ்ட் டைம்டு அவுட்னு மட்டும்தான் வரும். கமாண்ட் ப்ராம்ப்ட்ல பாக்குறவனுக்கு பாக்கெட் போய்ச் சேரவே இல்லன்னுதான் தோணும். சிமுலேஷன் மோட்ல பாருங்க, பாக்கெட் ஜம்முன்னு அந்தப் பக்க பிசி வரைக்கும் போகுது, அது ரிப்ளையும் போடுது, அந்த ரிப்ளைதான் ரெண்டாவது ரூட்டர்ல வழி தெரியாம செத்துப் போகுது. இப்ப அதையே மாத்தி, முதல் ரூட்டர்ல ரூட்ட எடுத்துட்டு அடிங்க. இந்தத் தடவை முதல் ரூட்டரோட ஐபில இருந்தே டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்னு பதில் வரும். இந்த ரெண்டு மெசேஜுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் தெரிஞ்சவன் நைட் ஷிஃப்ட்ல ஒரு டிக்கெட் (புகார்) வந்தா எந்த ரூட்டர்ல முதல்ல லாகின் பண்ணணும்னு யோசிக்காம போவான். நாக்ல (நெட்வொர்க்க கண்காணிக்கற சென்டர்) லெவல் ஒன் வேலைக்கு எடுக்கறப்ப நாங்க தேடறதே இந்த மாதிரி ஆளத்தான்.

அதே மாதிரி, புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்குற இன்னொன்னு, ரூட்டர தாண்டி பிங் அடிச்சா முதல் பிங் மட்டும் ஏன் ஃபெயில் ஆகுது, மிச்சம் ஏன் போகுதுன்னு. அடுத்த ஹாப்போட (வழியில அடுத்து இருக்கற டிவைஸோட) மேக் அட்ரஸ் ரூட்டருக்கு இன்னும் தெரியாது, அதுக்காக ஏஆர்பி (இந்த ஐபிக்கு மேக் அட்ரஸ் என்னன்னு கேக்கற ப்ரோட்டோகால்) கேக்கப் போறப்ப கையில இருந்த பாக்கெட்ட கீழ போட்டுடும். சிமுலேஷன்ல ஃபில்டர்ல ஏஆர்பி, ஐசிஎம்பி (பிங் இதுலதான் போகும்) ரெண்ட மட்டும் வச்சுக்கிட்டுப் பாத்தா ஒரு நிமிஷத்துல புரிஞ்சிடும்.

டிஹெச்சிபியும் (பிசிக்கு ஐபிய தானா குடுக்கறது) இப்படித்தான். பிசிக்கு 169.254ல ஆரம்பிக்கற ஐபி வந்துருக்கா, அப்ப டிஹெச்சிபி சர்வர் கிட்டருந்து பதில் வரலன்னு அர்த்தம். சர்வர் வேற விலான்ல (ஸ்விட்சுக்குள்ள தனியா பிரிச்ச நெட்வொர்க்) இருந்தா, ஐபி குடுங்கன்னு பிசி எல்லாருக்கும் அனுப்பற அந்த டிஸ்கவர் பிராட்காஸ்ட் ரூட்டர் வாசல்லயே நின்னுடும், அங்க ஹெல்பர் அட்ரஸ் (சர்வரோட ஐபி) போட்டாதான் தாண்டும். போடாம ஒரு தடவ, போட்டு ஒரு தடவ ஓட்டிப் பாருங்க.

என் அபிப்பிராயத்துல பாக்கெட் ட்ரேசர்ல லேப் கட்டறதுக்கு செலவு பண்ற நேரத்த விட, கட்டின லேப உடைக்கறதுக்கு செலவு பண்ற நேரம் அதிகமா இருக்கணும். கூட படிக்கற ஃப்ரெண்ட் ஒருத்தன் கிட்ட நல்லா ஓடற ஃபைல குடுத்து, மச்சி எதையாவது ஒன்ன கெடுத்து வைடா, என்னன்னு சொல்லாதன்னு கேளுங்க. அவன் ட்ரங்க்ல (பல விலான ஒன்னா தூக்கிட்டுப் போற லிங்க்) அலவ்டு விலான் லிஸ்ட்ல இருந்து ஒரு விலான தூக்கிடுவான், இல்ல ஓஎஸ்பிஎஃப்ல (ரூட்டருங்க வழிய தங்களுக்குள்ள பகிர்ந்துக்கற ப்ரோட்டோகால்) ஒரு பக்கம் ஏரியா 0, இன்னொரு பக்கம் ஏரியா 1ன்னு மாத்திடுவான், இல்ல ஹலோ டைமர 10 செகண்ட்ல இருந்து வேற ஏதோவா ஆக்கிடுவான், இல்ல ஏசிஎல்ல (எந்த பாக்கெட்ட விடணும், எத தடுக்கணும்ங்கற லிஸ்ட்) டினை லைன மேல தூக்கி வச்சிடுவான். ரன்னிங் கான்ஃபிக்க முழுசா பாக்காம, ஷோ ஐபி ரூட், ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர், ஷோ இன்டர்ஃபேஸ் ட்ரங்க் மாதிரி கமாண்ட வச்சே கண்டுபிடிக்கப் பாருங்க. நிஜ வேலையில ஆயிரக்கணக்கான லைன் கான்ஃபிக் இருக்கும், அத மேலருந்து கீழ படிச்சு யாரும் தப்பு கண்டுபிடிக்கறதில்ல.

அகாடமி கோர்ஸோட வர்ற ஆக்டிவிட்டி ஃபைல்ல ஒரு பர்சென்ட் ஸ்கோர் ஓடிட்டே இருக்கும். ஆரம்பத்துல அது உதவியாதான் இருக்கும், ஆனா பசங்க போகப்போக 100 வரவைக்கறதுக்காகவே வேலை பாக்க ஆரம்பிச்சிடறாங்க. பெரும்பாலும் அது நீங்க போட்ட கான்ஃபிக்க தன்கிட்ட இருக்கற விடையோட ஒப்பிட்டுத்தான் மார்க் போடுது, நீங்க வேற வழியில சரியாவே பண்ணியிருந்தாலும் மார்க் வராம போகலாம். 100 வந்தப்புறமும் நான் ஏன் இந்த கமாண்ட் போட்டேன்னு உங்களால விளக்க முடியலன்னா அந்த லேப திருப்பிப் பண்ணுங்க.

பரீட்சைக்கு எப்படின்னு கேட்டா, சிசிஎன்ஏக்கு (சிஸ்கோவோட நெட்வொர்க்கிங் சர்டிஃபிகேட்) தாராளமா போதும். 200-301ங்கற இப்ப இருக்கற எக்ஸாம் 2020 பிப்ரவரில வந்துச்சு, 120 நிமிஷம், பாஸ் பண்ணா 3 வருஷம் செல்லும். அதுல ஐபி கனெக்டிவிட்டிக்கு 25%, ஃபண்டமென்டல்ஸ், நெட்வொர்க் ஆக்சஸ் ரெண்டுக்கும் ஆளுக்கு 20%, செக்யூரிட்டிக்கு 15%. இதுல கையால பண்ண வேண்டிய விஷயம் கிட்டத்தட்ட எல்லாத்தையும் பாக்கெட் ட்ரேசர்ல பண்ணிடலாம். ஆட்டோமேஷன் 10% இருக்கு, அதுக்கு இது மட்டும் பத்தாது, பைத்தான், ஜேசான், ஆன்சிபில்னு தனியா உக்காந்து பாக்கணும். இந்தப் பத்து பர்சென்ட்ட விட்டுட்டாலும் பாஸ் பண்ணிடலாம்னு நினைக்கறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு விடாதீங்க, நூறு ஸ்விட்ச்ல ஒரே மாத்தத்த கையால டைப் பண்ற வேலை குறைஞ்சுக்கிட்டே வருது.

இப்ப குறைகள். இது சிமுலேட்டர், நிஜ ஐஓஎஸ் இதுக்குள்ள ஓடல, ஐஓஎஸ் மாதிரி நடந்துக்கற ஒரு ப்ரோக்ராம்தான் ஓடுது. அதனால கமாண்ட்ல ஒரு பகுதிதான் இருக்கும், நிஜ ரூட்டர்ல வேலை செய்யற ஒன்னு இங்க இன்வாலிட் இன்புட்னு வரலாம். பிஜிபி (பெரிய நெட்வொர்க்குகளுக்கு நடுவுல வழிய பகிர்ந்துக்கற ப்ரோட்டோகால்) ரொம்ப மேலோட்டமாதான் இருக்கு, சர்வீஸ் ப்ரொவைடர் பக்கம் போகணும்னு ஆசைப்படறவங்களுக்கு அது பெரிய ஓட்டை. சிஸ்கோ மட்டும்தான், ஜூனிப்பர், அரிஸ்டா, ஃபோர்ட்டிநெட் எதுவும் கிடையாது, ஆனா நிறைய கம்பெனில இதெல்லாம் கலந்துதான் இருக்கும். ஃபைபர் முனை அழுக்காகி எரர் ஏறறது, சிபியூ எகிறி ரூட்டர் தடுமாறறது, இதெல்லாம் இங்க தானா வராது, டேட்டா சென்டர்ல நின்னாதான் பழகும். அப்புறம் ஒரு சின்ன எரிச்சல், புது வெர்ஷன்ல சேவ் பண்ண ஃபைல் பழைய வெர்ஷன்ல திறக்காது, ஃப்ரெண்டோட மாத்திக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரே வெர்ஷனான்னு பாத்துக்கோங்க.

எப்ப இத விட்டு நகரணும்? ஓஎஸ்பிஎஃப், விலான், நாட் (ஐபி அட்ரஸ மாத்தி அனுப்பறது), ஏசிஎல் எல்லாம் கலந்த ஒரு லேப யாரோ கெடுத்துக் குடுத்து, அத ஷோ கமாண்ட வச்சே உங்களால சரி பண்ண முடிஞ்சிடுச்சுன்னா ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி பக்கம் போயிடுங்க. அதுல நிஜ ஆபரேட்டிங் சிஸ்டம் இமேஜ் ஓடும், வேற வேற வெண்டர் டிவைஸையும் ஒன்னா இணைக்கலாம், லிங்க்ல வயர்ஷார்க் வச்சு நிஜ பாக்கெட்ட பிடிக்கலாம். ஆனா ராம் நல்லா வேணும், இமேஜுக்கு லைசென்ஸ் விஷயத்தையும் பாக்கணும். முதல் நாளே அங்க போனீங்கன்னா இமேஜ் ஏத்தறதுலயே ஒரு வாரம் போய் ஆர்வமே வத்திடும், பாக்கெட் ட்ரேசர்ல கை நல்லா பழகினப்புறம் போங்க.