சிம்மக்கல் ஆங்கில வகுப்பு: இறந்தகாலப் பாடத்துக்காகவே சேரலாம்

மதுரை சிம்மக்கல் பகுதியில் மாலை வேளைகளில் நடைபெறும் ஓர் ஆங்கில இலக்கண வகுப்பில், இறந்தகாலப் பகுதியை முழுமையாகப் படித்து முடித்த பிறகு இதை எழுதுகிறேன். பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்த இடத்தில் எந்த வடிவம் வரும் என்பதைக் காரணத்தோடு விளக்குவதுதான் இங்குள்ள ஆசிரியையின் சிறப்பு.

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடத்திலிருந்தே அவர் தொடங்குகிறார். 'நேற்று அழகர்கோவிலுக்குப் போயிருந்தேன்' என்று சொல்லிப் பழகிய நாம், ஆங்கிலத்திலும் 'ஐ ஹேட் கான்' என்று சொல்லிவிடுகிறோம். நேற்று நடந்ததை மட்டும் தெரிவிக்க 'ஐ வென்ட்' என்பதே போதும். கடந்தகாலத்தில் நடந்த வேறொன்றுக்கு முன்பே இது முடிந்துவிட்டது என்று காட்ட வேண்டியிருந்தால்தான் 'ஹேட்' தேவைப்படும். 'வென் ஐ ரீச்டு மாட்டுத்தாவணி, தி பஸ் ஹேட் லெஃப்ட்' என்று கரும்பலகையில் எழுதி, நாம் போவதற்கு முன்பே பேருந்து போய்விட்டது என்றார். 'ஹேட்' என்பதை அழித்ததும், நாம் போய்ச் சேர்ந்த பிறகு பேருந்து கிளம்பியது என்று பொருள் மாறியது. 'வாஸ் லீவிங்' என்று திருத்தியபோது, ஓடிப்போய் ஏறிவிடலாம் என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவரே சொல்லிவிட்டார். இவ்வளவு தெளிவாக இதை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 2019' என முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டால் 'ஐ ஹேவ் சீன்' வராது, 'ஐ சா' தான் வரும் என்பதையும் நன்றாகப் பதியவைக்கிறார். 'ஐ ஆல்ரெடி ஏட்' என்று அமெரிக்கர்கள் இயல்பாகப் பேசுவதை எடுத்துச்சொல்லி, அதைத் தவறென்று அடிக்காமல் விடும் நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அச்சிட்டுத் தரும் பயிற்சித்தாள்தான் குறை. 'ஆஃப்டர்', 'பிஃபோர்' போன்ற சொற்களே நிகழ்ச்சிகளின் வரிசையைக் காட்டிவிடும்போது 'ஹேட்' இல்லாமலும் எழுதலாம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். விடைப்பட்டியலோ அதே வகை வாக்கியத்துக்கு 'ஹேட் ரிட்டன்' ஒன்றையே சரியான விடையாகக் காட்டுகிறது. மேலும், கோடிட்ட இடங்கள் எல்லாம் தனித்தனி வாக்கியங்களாகவே இருக்கின்றன. முன்வாக்கியம் எந்த நேரத்தில் நிற்கிறது என்று தெரியாமல் அடுத்த வினையின் காலத்தை எப்படித் தீர்மானிப்பது? முழுப் பத்திகளைக் கொடுத்துப் பயிற்சி தந்தால் அந்த ஆசிரியையின் உழைப்புக்கு உரிய பலன் கிடைக்கும்.

'டிட் யூ வென்ட்' என்று இன்னும் எழுதுபவர்கள் முதலில் அங்கேயே உள்ள அடிப்படை வகுப்பில் சேர்வது நல்லது. வினை வடிவங்கள் தெரிந்தும் பேசும்போது தயங்குபவர்கள் நேராக இந்த வகுப்புக்கே போகலாம்.