மூளையில் சீழ்க்கட்டி: மருந்து மட்டுமா, ஊசியா, ஆபரேஷனா?

குழந்தையின் மூளையில் சீழ்க்கட்டி என்று ஸ்கேனில் வந்ததும் பெற்றோர் முதலில் கேட்பது, மண்டையில் கை வைக்காமல் மருந்திலேயே கரைத்துவிட முடியாதா என்பதுதான். சில குழந்தைகளுக்கு முடியும். கட்டி சுமார் 2.5 செ.மீ.க்குள் இருந்து, குழந்தை தெளிவான நினைவோடு இருந்தால், அல்லது சீழைச் சுற்றி உறை கட்டாத ஆரம்ப நிலையிலோ ஊசி எட்டாத ஆழத்திலோ இருந்தால் மருந்தை மட்டும் நம்பிப் பார்க்கலாம். உறை நன்றாகக் கட்ட ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஆனால் இந்த வழியில் எந்தக் கிருமி என்று தெரியாமல் பல நேரம் குத்துமதிப்பாகத்தான் மருந்து போகிறது. வழக்கமாக செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஒன்று, கூடவே மெட்ரோனிடசோல், ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி மேல் சந்தேகம் இருந்தால் வேன்கோமைசின். அதுவும் நரம்பு வழியாக 6 முதல் 8 வாரம்.

என் ஓட்டு பெரும்பாலும் ஊசிக்குத்தான். மண்டையோட்டில் சின்னத் துளை, ஸ்கேன் காட்டும் பாதையில் ஊசி, சீழ் வெளியே. அழுத்தம் உடனே குறையும், அதைவிட முக்கியம், சாம்பிள் கிடைக்கும். சிரிஞ்சில் வரும் சீழ் நாற்றமடித்தால் காற்றில்லாமல் வளரும் கிருமிகள் இருக்கலாம் என்று அங்கேயே ஊகிக்கலாம், அதைக் காற்றுப் படாமல் லேபுக்கு அனுப்பினால்தான் அவை கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) பிழைக்கும். கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி வழியாகவே, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி எடுத்துவிடலாம். குறை என்னவென்றால் சீழ் மறுபடி சேரலாம், இரண்டாவது முறையும் குத்த வேண்டி வரலாம். மூளையின் நீரறையை ஒட்டிய கட்டி சின்னதாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது, உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

முழுதாக வெட்டி எடுப்பதுதான் 'முழுத் தீர்வு' என்று தோன்றும். பல அறைகளாகப் பிரிந்த கட்டி, பூஞ்சைக் கட்டி, அடிபட்டு எலும்புத் துண்டோ வேறு பொருளோ உள்ளே மாட்டியது, சிறுமூளைப் பக்கம் அழுத்தும் கட்டி, இவற்றுக்கு அது சரி. மருந்து நாளும் சுமார் 4 வாரமாகக் குறையலாம். ஆனால் பேச்சு, கை கால் அசைவு சம்பந்தப்பட்ட இடத்தில் கத்தி வைப்பது பெரிய விலை.

எந்த வழியானாலும் கிருமி வந்த இடத்தை விட்டுவைத்தால் வீண். காதுக்குப் பின் எலும்பில் சீழ், சைனஸ், பல் சொத்தை, அப்புறம் நீலம் பாரிக்கும் பிறவி இதயக் குறை: அதில் ரத்தத்தின் ஒரு பகுதி நுரையீரலில் வடிகட்டப்படாமலே மூளைக்குப் போகிறது. காய்ச்சல், தலைவலி, கை கால் பலவீனம் மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், பல குழந்தைகளுக்கு மூன்றும் சேர்ந்து வருவதே இல்லை. கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது ஸ்கேன் பார்க்காமல் முதுகுத் தண்டில் நீர் எடுப்பதும் ஆபத்து.

சிகிச்சை முடிந்த பிறகும் எம்.ஆர்.ஐ.யில் கட்டி இருந்த இடத்தில் வளையம் மாதக்கணக்கில் தெரியலாம். குழந்தை நன்றாக இருந்தால் அதற்காக மட்டும் மருந்தை நீட்டத் தேவையில்லை.