32 இன் 1 சர்வைவல் கிட்: பழனி நடைக்கும் புயலுக்கும் எது உதவும், எது உதவாது

ஆபத்து நேரத்துக்கு உதவும்னு 32 சாமான ஒரே பெட்டியில போட்டு ஆன்லைன்ல விக்கிற அந்த 32 இன் 1 சர்வைவல் கிட் வாங்கலாமான்னு சொந்தக்காரங்க நிறைய பேர் கேக்குறாங்க, தைப்பூச நடை வேற வரப்போகுது, அதனால ஒரேடியா எழுதிடுறேன். பெட்டிக்குள்ள மூணு சாமான் நெசமாவே நல்லாருக்கு, ரெண்டு ஆபத்தானது, மிச்சமெல்லாம் இடத்த அடைக்குது. விலை ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல. அந்தக் காசுக்கு காரைக்குடி கடைத்தெருவுலயே இதவிட உருப்படியா ஒரு பை தயார் பண்ணிடலாங்கிறதுதான் என் முடிவு.

நமக்கு இது எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு பழனி பாதயாத்திரை, குன்னக்குடி திருப்பத்தூர் சிங்கம்புணரி நத்தம் திண்டுக்கல்னு நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல நடக்குறோம், வயசானவங்களும் பிள்ளைகளும் கூட வர்றாங்க, ராத்திரியும் விடியக்காலையும் ரோட்டு ஓரமாத்தான் நடை. இன்னொண்ணு கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியக்காலை அது கரைய கடந்தப்ப புதுக்கோட்டை பக்கம் நம்ம ஊருகள்ல மரம் பூரா ரோட்டுல, நாள்கணக்கா கரண்ட் இல்ல, கரண்ட் இல்லன்னா மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடலன்னா தண்ணி இல்ல, செல் டவரும் போச்சு. அன்னைக்கு யாருக்கும் காட்டுக் கத்தி தேவைப்படல. தண்ணியும் வெளிச்சமும் ஆள கூப்பிட ஒரு வழியும்தான் தேவைப்பட்டுச்சு. இந்த கிட்ட நான் அத வச்சுத்தான் எடை போடுறேன்.

முதல்ல விசில். இது ஒண்ணுக்காகவே பாராட்டலாம். உள்ள உருளுற குண்டு இல்லாத வகை, அதனால நனைஞ்சாலும் சத்தம் வரும். மூணு தடவ ஊதி கொஞ்சம் நிறுத்தி திரும்ப மூணு தடவ ஊதுறதுதான் ஆபத்துக்கான அடையாளம், இத வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. கத்திக்கிட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல தொண்ட போயிடும், விசில் ஊதுறதுக்கு அந்த அளவு தெம்பு வேண்டாம். நடைக்குப் போறப்ப பை வார்லயே கட்டிடுங்க, பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு.

அடுத்தது அந்த பளபளன்னு இருக்குற எமர்ஜென்சி போர்வை. பிளாஸ்டிக் படலத்துல அலுமினியம் பூசுனது, 1964ல நாசாவுக்காக வந்த தொழில்நுட்பம், மடிச்சா சட்டப்பைக்குள்ள போயிடும். உடம்புல இருந்து போற சூட்ட திருப்பி அனுப்பும், காத்தையும் பனியையும் தடுக்கும், தை மாசம் நத்தம் பக்கம் திறந்த வெளியில படுக்குறவங்களுக்கு இது ரொம்ப உதவி. ஆனா தரையில விரிச்சு மேல படுத்தா பிரயோஜனம் இல்ல, தரை சூட்ட உறிஞ்சிடும், அடியில பாயோ கோணியோ அட்டையோ கண்டிப்பா வேணும். ஒரு ஓரத்துல கிழிஞ்சா சர்ர்னு முழுசும் போயிடும், அதனால ரெண்டா வச்சுக்கங்க. வெயில் காலத்துல தலைக்கு மேல இடைவெளி விட்டுக் கட்டுனா நல்ல நிழல். அடுப்பு பக்கம் கொண்டு போகவே கூடாது.

மூணாவது தீக்குச்சி மாதிரி இருக்குற ஃபெரோ ராட். உரசுனா கிட்டத்தட்ட 3000 டிகிரி சூட்டுல பொறி பறக்கும், மழையில நனைஞ்சாலும் துடைச்சுட்டு உரசலாம். ஆனா வெறும் பொறிய வச்சு யாரும் அடுப்பு மூட்ட முடியாது. மேல உள்ள கருப்பு பூச்ச முதல்ல சுரண்டி எடுக்கணும், அப்புறம் உரசுறதுக்குன்னு கூட வர்ற தகட்ட அசைக்காம புடிச்சுக்கிட்டு குச்சிய பின்னால இழுக்கணும், தகட்ட முன்னால தள்ளுனா சேத்து வச்ச பஞ்சு சிதறிடும். கிட்ல குடுத்திருக்குற பஞ்சுத் திரி மட்டம். நம்ம வீட்டுக் கற்பூரத்த நுணுக்கி பிரிச்ச தேங்கா நாருல தூவுனா உடனே புடிச்சுக்குது, ஈர விறகு சூடேறுற வரைக்கும் நின்னு எரியுது. விறகுக்கு சீமக்கருவேலம் போதும், அரளிக் குச்சிய மட்டும் அடுப்புல வைக்காதீங்க, அதுல பூரா விஷம், புகையும் ஆகாது. இன்னொண்ணு, மழைன்னு கதவ சாத்திக்கிட்டு உள்ள கரி அடுப்பு வைக்கிறது, ஜெனரேட்டர வீட்டுக்குள்ள வளவுல (முற்றத்துல) வச்சு ஓட்டுறது இதெல்லாம் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.

இப்ப ஆபத்தான சாமான்களுக்கு வர்றேன், இத தயவுசெஞ்சு முழுசா படிங்க. பாம்பு கடிச்சா விஷத்த உறிஞ்சி எடுக்கன்னு ஒரு சின்ன பம்பு குடுத்திருக்காங்க. அது விஷத்த எடுக்காது, கடிவாய புண்ணாக்கும், அதோட ஆஸ்பத்திரி போக வேண்டிய நேரத்த தின்னுடும். கூடவே ஒரு எலாஸ்டிக் கட்டு, அட்டையில பாம்புக்கடிக்கு மேல இறுக்கிக் கட்டச் சொல்லி படமே போட்டிருக்காங்க. கட்டவே கூடாது. கட்டுனா ரத்த ஓட்டம் நின்னு கையோ காலோ போற நிலைமை வரும். கீறவும் கூடாது, வாயால உறிஞ்சவும் கூடாது. மோதிரம் மெட்டி கொலுச கழட்டிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம குச்சி வச்சு ஆதரவா கட்டிட்டு, ஆள நடக்க விடாம 108ஐ கூப்பிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான், அதனால பாம்ப அடிச்சு எடுத்துட்டுப் போக வேண்டிய அவசியமே இல்ல, அரசு ஆஸ்பத்திரியில அந்த மருந்து இலவசம். கட்டுவிரியன் கடிச்ச எடம் வலிக்காமக்கூட இருக்கும், ராத்திரி தரையில படுத்திருந்தவங்க வயித்த வலிக்குது கண்ண சொருகுதுன்னு சொன்னா யோசிக்காம கிளம்பிடுங்க. அந்த பம்பையும் கட்டையும் நான் தூக்கிப் போட்டுட்டேன்.

தண்ணி உறிஞ்சுற ஸ்ட்ரா ஃபில்டர் ஒண்ணு இருக்கு. இது மோசமில்ல, ஆனா அட்டையில எழுதுனது தப்பு, எந்தத் தண்ணியும் குடிக்கலாம்னு போட்டிருக்கான். இந்த வகையில பாக்டீரியாவும் அமீபா மாதிரி கிருமியும் நிக்கும், வைரஸ் பெரும்பாலும் நிக்காது, உப்பும் பூச்சிமருந்தும் சுத்தமா நிக்காது. நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு, அது அப்படியே உப்பாத்தான் வரும். வயல் ஓரத்து வாய்க்கால் தண்ணிய இத நம்பி குடிக்காதீங்க. தவிர ஸ்ட்ராவால ஒரு ஆள் குனிஞ்சு குடிக்கலாம், வீட்டுல பத்து பேருக்கு சமைக்க முடியுமா.

ஊருணித் தண்ணிதான் கிடைக்குதுன்னா நான் செய்யச் சொல்றது வேற. பழைய கண்டாங்கி சேலைய நாலு மடிப்பா மடிச்சு குடத்து வாயில கட்டி வடிகட்டுங்க. இது பாட்டி வைத்தியம் கிடையாது, வங்கதேசத்துல கிராமம் கிராமமா பழைய சேலைய நாலு மடிப்புல வடிகட்ட வச்சுப் பாத்து 2003ல ஆய்வு வந்துச்சு, காலரா கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது. காலரா கிருமி தண்ணியில இருக்குற நுண்ணிய உயிரினங்கள ஒட்டிக்கிட்டு இருக்குமாம், துவைச்சுத் துவைச்சு நூல் உப்புன பழைய துணியில அதுங்க மாட்டிக்கும், புதுத் துணிய விட பழசுதான் நல்லது. வடிகட்டுனத அப்புறம் கொதிக்க வைங்க, தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிச்சா போதும். விறகு இல்லன்னா குளோரின் மாத்திரைய அட்டையில உள்ள அளவு பாத்துப் போட்டு அரை மணி நேரம் விடுங்க. அதுவும் இல்லன்னா தெளிஞ்ச தண்ணிய நெறமில்லாத பெட் பாட்டில்ல ஊத்தி மொட்ட மாடியில படுக்க வச்சா நம்ம வெயிலுக்கு ஆறு மணி நேரத்துல குடிக்கலாம், மேகமா இருந்தா ரெண்டு நாள். புயல் எச்சரிக்கை வந்த உடனே வீட்டுல இருக்குற அண்டா குண்டான் எல்லாத்தையும் ரொப்பி மூடி வச்சுடுறது இது எல்லாத்தையும் விட பெருசு, ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு நாலு லிட்டராவது கணக்கு வைங்க.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடுறேன். டார்ச்சுல வெளிச்சம் 2000 லுமென்னு போட்டிருக்கு, ஒத்த பென்சில் பேட்டரியில அது வரவே வராது, நூறு இருநூறு வந்தாலே நல்லது, அதுக்கு பதிலா தலையில மாட்டுற லைட் வாங்குங்க, ரெண்டு கையும் சும்மா இருக்கும். கம்பி ரம்பம் புயல்ல விழுந்த மரத்துக்கு ஆகாது, ஒரு அரிவாளும் கயிறும் ஆகும். காம்பஸ் நம்ம ரோட்டுக்கு தேவையில்ல. பாராகார்ட் கைப்பட்டைய அவுத்தா நல்ல கயிறு, உள்ள ஏழு இழை இருக்கான்னு பாருங்க, என்னுதுல பஞ்சுதான் இருந்துச்சு. முதலுதவிப் பொட்டலத்துல நாலு பிளாஸ்திரி, நடைக்குப் போறவங்களுக்கு கொப்புளம்தான் பெரிய தொல்லை, அதுக்கு ஒண்ணுமே இல்ல.

கிட்ல இல்லாம நான் பையில சேத்தது: ஓஆர்எஸ் பொட்டலம், பெட்டாடின், காலுக்கு ஒட்டுற டேப், பருத்தி காலுறை, குளோரின் மாத்திரை, பவர் பேங்க், பிளாஸ்டிக் கவர்ல ஆதார் ரேஷன் கார்டு நகல், மாத்திர சாப்பிடுறவங்களுக்கு ஒரு வாரத்து மாத்திர, முதுகுலயும் பையிலயும் ஒட்டுற ரிஃப்ளெக்டர் பட்டை. நடையில நமக்கு மிருகத்தால ஆபத்து இல்ல, பின்னால வர்ற வண்டியாலதான், அதனால பட்டை முதல்ல. ஓஆர்எஸ் தீந்துட்டா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில தலைதட்டுன ஆறு டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இந்த அளவ மாத்தாதீங்க, உப்பு கூடுனா பிள்ளைங்களுக்கு ஆகாது. பேட்டரிய டார்ச்சுக்குள்ள போட்டே வைக்காம தனியா வைங்க, ஒழுகிடும்.

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார் குடுக்குறேன், அதுவும் விசில் போர்வை ராடுக்காக. அந்த மூணும் தனித்தனியாவே கிடைக்குது, பெட்டிய விட ரொம்பக் கம்மி விலைதான். யாராவது பரிசா குடுத்து ஏற்கனவே கையில இருந்தா பாம்பு பம்பையும் எலாஸ்டிக் கட்டையும் இன்னைக்கே எடுத்துடுங்க, மிச்சத்த வச்சுக்கங்க.